பெட்ரோல் விலை ஏறினால் காரை விட்டு ஸ்கூட்டருக்கு மாறலாமா? கிள்ளான் – பிரிக்பீல்ட்ஸ் பயணத்தின் முழுக் கணக்கு

பெட்ரோல் விலை ஏறுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "காரை வீட்டில் போட்டுவிட்டு மோட்டாரில் போனால் என்ன?" கேட்பதற்கு நியாயமான கேள்வி. ஸ்கூட்டர் குடிக்கும் எண்ணெய், கார் குடிப்பதில் கால் பங்கு அல்லது அதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சாலை வரி 2 ரிங்கிட். டோல் கிடையாது. நெரிசலில் நிற்க வேண்டாம்.

ஆனால் வாங்கும் விலை, பராமரிப்பு, காப்புறுதி, மழை, விபத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் தூரம் வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

எண்ணெய் விலை எப்படி முடிவாகிறது?

மலேசியாவில் சில்லறை எண்ணெய் விலை 1983 முதல் தானியங்கி விலை நிர்ணய முறையின் கீழ் வருகிறது. உலகச் சந்தை விலை, நிறுவனங்களின் செலவு, நிலையக்காரர்களின் லாபம் எல்லாம் இதில் அடங்கும். சந்தை விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அரசாங்கம் உதவித்தொகையாகக் கட்டுகிறது. இப்போது புதன்கிழமை விலை அறிவித்தால் வியாழன் முதல் நடப்புக்கு வரும்.

2021 பிப்ரவரி தொடங்கி ரோன் 95 லிட்டருக்கு 2.05 ரிங்கிட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது. யார் நிரப்பினாலும் அதே விலைதான். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசலுக்கான பொது உதவித்தொகை நிறுத்தப்பட்டபோது, விலை ஒரே இரவில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போனது. அடுத்து பெட்ரோல் எப்போது என்று மக்கள் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் வந்தது. மைகார்ட்டும் செல்லுபடியாகும் வாகனமோட்டும் லைசென்ஸும் வைத்திருக்கும் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட். அறிமுகமானபோது மாதத்திற்கு 300 லிட்டர் வரை இந்த விலை. சலுகை இல்லாதவர்களுக்கு அப்போது 2.60 ரிங்கிட். இந்த 2.60 நிலையானது அல்ல, வாராவாரம் மாறும். விலையும் ஒதுக்கீடும் அரசாங்க அறிவிப்பைப் பொறுத்தவை என்பதால், நிரப்பும் முன் உங்கள் மீதத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஒதுக்கீடு ஆளுக்குத்தான், வண்டிக்கு அல்ல. கார், மோட்டார் இரண்டுக்கும் ஒரே மைகார்ட்டில் நிரப்பலாம். இரண்டாவது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் குடிமக்கள் அல்ல என்பதால் 1.99 விலை அவர்களுக்குக் கிடைக்காது. நம் சமூகத்தில் இன்னும் சிவப்பு அட்டையோடு வாழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். விலை ஏற்றம் முதலில் சுடுவது அவர்களைத்தான்.

மாதம் எவ்வளவு மிச்சமாகும்?

கிள்ளான் நகரிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். போகவர 70. மாதத்திற்கு 22 வேலை நாள் என்றால் 1,540 கிலோமீட்டர்.

காலை நெரிசலில் ஒரு சாதாரண 1.5 லிட்டர் கார் லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்திற்கு 123 லிட்டர் வேண்டும். 110 சிசி ஸ்கூட்டர் அல்லது கப்சாய் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் 34 லிட்டர் போதும்.

லிட்டர் 1.99 ரிங்கிட் என்றால்: காருக்கு 245 ரிங்கிட், ஸ்கூட்டருக்கு 68. வித்தியாசம் 177.

லிட்டர் 2.60 ரிங்கிட் என்றால்: காருக்கு 320, ஸ்கூட்டருக்கு 89. வித்தியாசம் 231.

ஒருவேளை லிட்டர் 3.50 ரிங்கிட்டுக்குப் போனால்: காருக்கு 431, ஸ்கூட்டருக்கு 120. வித்தியாசம் 311.

இன்னொரு வகையில் சொன்னால், எண்ணெய் விலை 10 சென் ஏறும்போது கார்க்காரருக்கு மாதம் 12 ரிங்கிட் 30 சென் கூடுகிறது, ஸ்கூட்டர்க்காரருக்கு 3 ரிங்கிட் 40 சென். விலை ஏறினாலும் மோட்டார்க்காரரின் தூக்கம் கெடாது என்பது உண்மைதான்.

ஆனால் மிச்சமாகும் பணத்தில் பாதியை ஒட்டி எண்ணெயில் வருவதில்லை, பார்க்கிங்கில் வருகிறது. ஜாலான் துன் சம்பந்தன், கேஎல் சென்ட்ரல் சுற்றுவட்டாரத்தில் கார் நிறுத்த நாளுக்கு 8 ரிங்கிட் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், 22 நாளுக்கு 176 ரிங்கிட். 1.99 விலையில் எண்ணெயில் மிச்சமாகும் 177 ரிங்கிட்டுக்கு இது சமம். உங்கள் அலுவலகத்தில் கார் நிறுத்த இலவச இடம் இருந்தால், மாறுவதன் லாபம் பாதியாகிவிடும்.

டோல் விஷயமும் பாதையைப் பொறுத்தது. நெடுஞ்சாலைகளில் மோட்டாருக்கு டோல் இல்லை. கெசாஸ், என்கேவிஇ, என்பிஇ வழியாகப் போகிறவர்களுக்கு இது நல்ல மிச்சம். ஆனால் கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்கள் 2018 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் நீக்கப்பட்டுவிட்டன. அந்தப் பாதையில் கார்க்காரரும் டோல் கட்டுவதில்லை.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

சந்தையில் 110 சிசி கப்சாய், ஸ்கூட்டர் ரகங்கள் பெரும்பாலும் 5,000 முதல் 7,000 ரிங்கிட்டுக்குள் இருக்கின்றன. 6,500 ரிங்கிட் வண்டி என்று எடுத்துக்கொள்வோம். நல்ல ஹெல்மெட், மழைக்கோட், பூட்டு, கையுறை எல்லாம் 500 ரிங்கிட். மொத்தம் 7,000.

மாதம் 1,540 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்திற்கு ஒரு முறையாவது எண்ணெய் மாற்ற வேண்டும். டயர், பிரேக், ஸ்கூட்டர் என்றால் பெல்ட் எல்லாவற்றுக்கும் மாதம் 50 ரிங்கிட் ஒதுக்கி வையுங்கள்.

எண்ணெய் மிச்சம் மட்டும் என்றால், 1.99 விலையில் 7,000 ரிங்கிட் திரும்ப வர நான்கரை ஆண்டுக்கு மேல் ஆகும். 2.60 விலையில் மூன்றே கால் ஆண்டு. 3.50 ஆனால் இரண்டே கால் ஆண்டு.

பார்க்கிங் மிச்சத்தையும் சேர்த்தால் 1.99 விலையிலேயே 23 மாதத்தில் திரும்பிவிடும்.

தவணையில் வாங்கினால் வட்டியும் சேரும், காலம் இன்னும் நீளும். மறுபக்கம், கார் ஓடாததால் அதன் சர்வீஸ், டயர் செலவு குறையும். அதையும் கணக்கில் வைக்கலாம். ஆனால் கார் தவணை நிற்காது. கார் வீட்டு வாசலில் நின்றாலும் வங்கி மாதாமாதம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். காரின் காப்புறுதி, சாலை வரியும் அப்படியே.

அதனால் ஸ்கூட்டர் உண்மையில் பெரிய பணத்தை மிச்சப்படுத்துவது ஒரே சூழலில்தான்: இரண்டாவது கார் வாங்க நினைத்த குடும்பம் அதற்குப் பதிலாக மோட்டார் வாங்கும்போது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், வீட்டில் ஒரு கார்தான் என்றால், இரண்டாவது காருக்கு ஒன்பது ஆண்டுத் தவணை கட்டுவதற்கும் ஒரு ஸ்கூட்டர் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் எண்ணெய் விலையைவிடப் பல மடங்கு பெரியது.

2008-ல் நடந்தது என்ன?

இப்படி ஒரு அதிர்ச்சி புதிதல்ல. 2008 ஜூன் 5-ஆம் தேதி பெட்ரோல் விலை 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ரிங்கிட்டுக்கு ஏறியது. ஒரே நாளில் 78 சென், அதாவது 40 விழுக்காட்டுக்கு மேல். அப்துல்லா அகமட் படாவி பிரதமராக இருந்த நேரம். முதல் நாள் மாலை எண்ணெய் நிலையங்களில் வரிசை சாலை வரை நீண்டது பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

விலை ஏற்றத்தை ஈடுகட்ட 2,000 சிசிக்கு உட்பட்ட கார் வைத்திருந்தவர்களுக்கு 625 ரிங்கிட்டும், 250 சிசிக்கு உட்பட்ட மோட்டார் வைத்திருந்தவர்களுக்கு 150 ரிங்கிட்டும் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது.

பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. கச்சா எண்ணெய் விலையும் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெட்ரோல் 1.80 ரிங்கிட்டுக்கு இறங்கிவிட்டது. ஏறுவதற்கு முன் இருந்ததைவிடக் குறைவு. ஜூன் மாதம் 2.70 என்று கணக்குப் போட்டு மோட்டார் வாங்கியவருக்கு, ஆறு மாதத்தில் அந்தக் கணக்கு உடைந்துபோனது.

இந்த வாரத்து விலையை வைத்து ஐந்தாண்டுக்கான முடிவை எடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை. விலை மறுபடி இறங்கினாலும் இந்த வண்டி எனக்குப் பயன்படுமா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

ஸ்கூட்டரா, கப்சாயா, மின்சார வண்டியா?

கப்சாய் என்பது கால் கியர் போட்டு, சங்கிலியில் ஓடும் வண்டி. சக்கரம் பெரிது என்பதால் குழிகளைத் தாங்கும். எந்தப் பட்டறையிலும் சரிசெய்வார்கள், உதிரிப்பாகமும் மலிவு. ஸ்கூட்டரில் கியர் இல்லை. முறுக்கினால் போகும், பிடித்தால் நிற்கும். இருக்கைக்குக் கீழே மழைக்கோட்டும் சாப்பாட்டுப் பெட்டியும் வைக்கலாம். ஆனால் சக்கரம் சிறிது, குழியில் விழுந்தால் ஆட்டம் அதிகம். பெல்ட்டைக் குறித்த தூரத்தில் மாற்றாவிட்டால் நடுவழியில் நின்றுவிடும்.

மின்சார ஸ்கூட்டர் நூறு கிலோமீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் எடுக்கும். யூனிட் 50 சென் என்று வைத்தால் 1,540 கிலோமீட்டருக்குச் சுமார் 27 ரிங்கிட்தான். உள்நாட்டில் பொருத்தப்படும் மின்சார மோட்டாருக்கு 2,400 ரிங்கிட் வரை கழிவு கொடுக்கும் திட்டம் 2024 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட் அல்லது அதற்குக் குறைவாக உள்ளவர்களுக்கானது அது. ஒதுக்கீடு இன்னும் இருக்கிறதா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது சார்ஜ் பற்றி. பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கிப்போக முடியுமா? மாற்று பேட்டரி நிலையம் பக்கத்தில் உண்டா? நாளுக்கு 70 கிலோமீட்டர் ஓடுபவருக்குச் சிறிய பேட்டரி வண்டி சரிப்படாது.

லைசென்ஸ், சாலை வரி

கார் லைசென்ஸ் இருப்பதால் மோட்டார் ஓட்டிவிட முடியாது. 250 சிசி வரை ஓட்ட பி2 வகை லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். குறைந்த வயது 16. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாக பி2 எடுத்துக்கொடுக்கும் மைலெசென் திட்டத்தைப் போக்குவரத்து அமைச்சு நடத்தியிருக்கிறது. புதிய சுற்று எப்போது திறக்கிறது என்று ஜேபிஜே அறிவிப்புகளில் பார்க்கலாம்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் சம்மன் ஒரு பக்கம். விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம் என்பதுதான் பெரிய பிரச்சினை. "வீட்டுப் பக்கம்தானே ஓட்டுறேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

சாலை வரி 150 சிசி வரை ஆண்டுக்கு 2 ரிங்கிட். 1.5 லிட்டர் காருக்கு 90 ரிங்கிட்.

கணக்கில் எழுதாத செலவு

இதுவரை பார்த்ததெல்லாம் ரிங்கிட், சென். இனி வருவதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

2023-ல் மலேசியச் சாலைகளில் 6,443 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இருவர் மோட்டாரில் போனவர்கள். பதிவான வாகனங்களில் மோட்டார் சுமார் பாதிதான். கார்க்காரரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. மோட்டார்க்காரரைச் சுற்றி ஒன்றுமில்லை.

இந்த நாடு இதற்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1973-லேயே ஹெல்மெட் விதி வந்தது. 1992 முதல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்றே தனிப்பாதை 1970-களில் கட்டப்பட்டது. உலகிலேயே முதல் முறையாக அமைந்த தனிப் பாதைகளில் ஒன்று என்று அது பேசப்படுகிறது. பாதை நீட்டிக்கப்பட்ட பிறகு அங்கே மோட்டார் விபத்துகள் 39 விழுக்காடு குறைந்ததாக, பின்னாளில் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸின் முதல் தலைமை இயக்குநரான பேராசிரியர் ராடின் உமாரின் ஆய்வு காட்டியது.

அதனால் தனிப்பாதை இருக்கும் இடத்தில் அதிலேயே போங்கள். நேரம் மிச்சம் என்று கார் பாதைக்குள் நுழையாதீர்கள். அதே சமயம் அந்தப் பாதை ஒன்றும் சொர்க்கம் அல்ல. குறுகிய வளைவுகள், பாலங்களுக்குக் கீழே இருட்டு, பள்ளம், கனமழையில் தேங்கும் தண்ணீர் எல்லாம் அதை நாளும் பயன்படுத்துபவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார்கள். எல்லா இடத்திலும் அது தொடர்ச்சியாகவும் இல்லை. கோலாலம்பூரை நெருங்கும்போது கார், பஸ், லாரியோடு கலந்துதான் ஆக வேண்டும்.

கிள்ளான்காரர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. துறைமுகத்திற்குப் போகும் கொள்கலன் லாரிகள். லாரியின் இடது பக்கத்தில் நீங்கள் இருந்தால், ஓட்டுநருக்கு நீங்கள் தெரிவதே இல்லை. அவர் இடது பக்கம் திரும்பினால் ஒதுங்க இடம் இருக்காது. சிக்னலில் லாரிக்குப் பக்கத்தில் நிற்காமல், பின்னால் இடைவெளி விட்டு நில்லுங்கள்.

மழை அடுத்தது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வேலை விட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் கொட்டும். பாலத்துக்குக் கீழே சாலையோரம் கூட்டமாக ஒதுங்குவது நமக்குப் பழகிப்போனது. ஆனால் மழையில் பிரேக் வழுக்கி வரும் கார் நேராக அங்கேதான் புகும். மோட்டாருக்கென்று கட்டிய ஒதுங்குமிடம், எண்ணெய் நிலையம், கடைவரிசை என்று உங்கள் பாதையில் எது எங்கே இருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டில் சிரிம் முத்திரை இருக்க வேண்டும், தாடைப் பட்டையை மாட்டியிருக்க வேண்டும். ஒரு முறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைக்கும் அளவான ஹெல்மெட் வாங்க வேண்டும். "பக்கத்துல தானே ஸ்கூல்" என்று சொல்லும் அந்த ஒரு கிலோமீட்டரிலும் சாலை அதே சாலைதான். சேலை, துப்பட்டா கட்டியிருந்தால் சக்கரத்தில் சிக்காமல் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தால் யார் பணம் கொடுப்பார்?

பெரும்பாலோர் வாங்குவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அது நீங்கள் மோதிய மற்றவருக்கானது. உங்கள் கால் உடைந்தாலும் வண்டி நொறுங்கினாலும் அதில் உங்களுக்கு ஒன்றும் வராது. பின்னால் உட்காருபவருக்குத் தானாகப் பாதுகாப்பு இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள். தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றைக் கூடுதலாக எடுப்பது மோட்டார்க்காரருக்கு வீண் செலவு அல்ல.

பெர்கேசோ சந்தா கட்டும் தொழிலாளர் என்றால் உங்களுக்கு இன்னொரு உரிமை இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்து வேலை விபத்தாகக் கணக்கிடப்படும். சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான பணம், நிரந்தரக் குறைபாட்டுக்கான இழப்பீடு, இறந்தால் குடும்பத்துக்கான ஓய்வூதியம் எல்லாம் இதில் வரும். ஆனால் வழியில் வேலைக்குச் சம்பந்தமில்லாத காரியத்துக்காகப் பாதை மாறிப் போனால் கோரிக்கை சிக்கலாகும்.

விபத்து நடந்தால் போலீஸ் புகார், மருத்துவச் சான்றிதழ், சம்பவ இடத்தின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலாளிக்கு உடனே சொல்லுங்கள், அவர் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தா உண்மையாகவே கட்டப்படுகிறதா என்பதை இன்றைக்கே சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ளலாம், விபத்துக்குப் பிறகு பார்த்து ஒன்றும் ஆகாது.

வேலை முடிந்து மாலையில் உணவு விநியோகம் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஓட்டும் நேரத்தில் பொருந்தாமல் போகலாம். சுயதொழில் செய்வோருக்கான பெர்கேசோ திட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனியாக இருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அலுவலகம் வரையா, ஸ்டேஷன் வரையா?

முடிவெடுக்கும் முன் இன்னொரு கணக்கையும் பாருங்கள். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு கேடிஎம் கொமுட்டர் நேராகப் போகிறது. இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். வீட்டிலிருந்து ஸ்டேஷன் 5 கிலோமீட்டர் என்று வையுங்கள். அது வரை மட்டும் மோட்டாரில் போய், அங்கிருந்து ரயில் ஏறினால் என்ன ஆகும்?

மோட்டார் மாதத்திற்கு 220 கிலோமீட்டர்தான் ஓடும். எண்ணெய் 10 ரிங்கிட், பராமரிப்புக்கு இன்னொரு 10. ரயில் கட்டணம் ஒரு வழிக்கு 5 ரிங்கிட் என்று வைத்தால் மாதம் 220. மொத்தம் 240 ரிங்கிட்.

முழுத் தூரமும் மோட்டாரில் போனால் எண்ணெய், பராமரிப்பு சேர்த்து 118 ரிங்கிட். காரில் போனால் எண்ணெய், பார்க்கிங் சேர்த்து 421 ரிங்கிட். இவை எல்லாம் 1.99 விலையில்.

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. ரயில் வழி, காரைவிட மாதம் 181 ரிங்கிட் மலிவு. ஆனால் மோட்டாரைவிட 122 ரிங்கிட் கூடுதல். ரயில் இருந்தும் பலர் நெடுஞ்சாலையில் மோட்டாரிலேயே போவதற்குப் பிடிவாதமோ விவரமின்மையோ காரணமல்ல. கையில் இருக்கும் பணம் அப்படிச் சொல்கிறது. ரயில் தாமதமானால் சம்பளத்தில் வெட்டு விழும் வேலை என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்த 122 ரிங்கிட்டை 22 நாளால் வகுத்தால் நாளுக்கு ஐந்தரை ரிங்கிட். அந்தப் பணத்துக்கு நீங்கள் வாங்குவது, நாளுக்கு 60 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் மோட்டார் ஓட்டாமல் இருப்பதை. சாலையில் நீங்கள் இருக்கும் தூரம் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. கொமுட்டரில் அடிக்கடி போகிறவர்களுக்கான சலுகை, மாதப் பாஸ் என்ன இருக்கிறது என்று கவுண்டரில் கேட்டால் இந்த இடைவெளி இன்னும் குறையலாம். ஸ்டேஷன் வரை ஓட்டப் புது வண்டியும் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய கப்சாய் போதும். நிறுத்தும்போது இரண்டு பூட்டுப் போடுங்கள். நாட்டில் திருடுபோகும் வாகனங்களில் மோட்டார்தான் அதிகம்.

ரேபிட் கேஎல் பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாவற்றுக்கும் மை50 பாஸ் மாதம் 50 ரிங்கிட். ஸ்டேஷன் வரை மோட்டார், பிறகு மை50 என்றால் முழுத் தூரம் மோட்டாரில் போவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வராது. பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் ஜொஹான் செத்தியா வரை 37 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்ட எல்ஆர்டி ஷா ஆலம் பாதையின் திறப்புத் தேதி பலமுறை தள்ளிப்போனதைக் கிள்ளான் மக்கள் ஏன் அவ்வளவு பெரிதாகப் பேசினார்கள் என்பதும் இதிலிருந்து புரியும்.

இந்த வழி எல்லாருக்கும் சரிப்படாது. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும் துறைமுகத் தொழிலாளிக்கும், மருத்துவமனை ஊழியருக்கும், பாதுகாவலருக்கும் ரயில் இல்லை. அவர்களுக்கு மோட்டார்தான் வழி. அப்படியானால் வண்டி விலையில் மிச்சம் பிடித்தாலும் ஹெல்மெட், டயர், பிரேக், விபத்துக் காப்புறுதி நான்கிலும் மிச்சம் பிடிக்கக்கூடாது.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம்

வண்டிக்கு முன்பணம் கட்டும் முன், நீங்கள் இப்போது போய்வரும் தூரம், நிரப்பும் எண்ணெய், கட்டும் பார்க்கிங், டோல் நான்கையும் ஒரு வாரம் எழுதி வையுங்கள். நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய உங்கள் மாதக் கணக்கு வந்துவிடும். அதை 1.99 விலையில் ஒரு முறை, சலுகையில்லா விலையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பரின் மோட்டாரில் உங்கள் பாதையை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், லைசென்ஸ் இருந்தால். எங்கே தனிப்பாதை முடிகிறது, எங்கே லாரிகள் சேருகின்றன, எங்கே குழி என்பது காரில் போகும்போது தெரிவதே இல்லை. மறுநாள் திங்கட்கிழமை அதே பயணத்தை ரயிலில் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மோட்டாரில் போகப்போவது நீங்களாக இருந்தாலும், இரவு எட்டு மணிக்கு மழை கொட்டும்போது வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவது வீட்டில் இருப்பவர்கள். முடிவில் அவர்களுக்கும் பங்கு உண்டு.